நான்காவது அறை

முதல் மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே
"ஷூ போடுங்கள்" என்றார்.
நான் இன்னும் உட்கார்ந்திருக்கவில்லை.

இரண்டாமவர் நல்ல மனிதர்.
சிலிக்கான் அட்டை ஒன்றை மேசையில் வைத்து
பூனையைத் தடவுவதுபோலத் தடவிக் காட்டினார்.
நூற்றெண்பது யூரோ.
"இந்த வயதில்" என்று தொடங்கி
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
ஐம்பத்து மூன்று. நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாமவர் உதவியாளரைக் கூப்பிட்டு
"இந்த அம்மா வெறுங்காலில் ஓடுகிறாராம்" என்றார்.
இருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்,
கணுக்கால் வரைக்கும்.
யாரும் என் காலில் விழ வேண்டாம்,
பார்த்தால் போதும் என்றிருந்தது.

லைப்சிக்கில் டிராம் ஓட்டுகிறேன்.
நாளுக்கு எட்டு மணி நேரம் கறுப்புச் சீருடை ஷூவுக்குள்
என் பாதங்கள் டிக்கெட் எடுத்த பயணிகளைப் போல
அசையாமல் உட்கார்ந்திருக்கும்.
வேலை முடிந்ததும் டிப்போ வாசலிலேயே கழற்றி
பைக்குள் திணித்துக்கொண்டு
ஆற்றோரக் காட்டுக்குள் இறங்கிவிடுவேன்.
ஈர மண் விரலிடுக்கில் பிதுங்கி ஏறும்.
ஏழு வருடத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு,
இரண்டு குளவி.
இதை யாரும் கொள்கை என்று நினைக்க வேண்டாம்.
பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரிக் கடைசியில்
இடது பாதத்தின் மேல்பக்கம்,
இரண்டாம் விரலுக்குப் பின்னால்,
யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவது மாதிரி ஒரு வலி.
தட்டட்டும் என்று விட்டேன்.
மார்ச்சில் உதைத்தது.

டிப்போவில் பிரேக் பார்க்கும் கெர்லிண்டேதான்
அந்தப் பெயரை டீசல் கறை படிந்த தாளில் எழுதித் தந்தாள்:
ஹாங்கா ஷோல்டா, இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

சண்டைக்குத் தயாராகவே படியேறினேன்,
ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம்.
மனித குலம் என்று தொடங்கும் ஒன்று.
என் உடம்பு என்று தொடங்கும் ஒன்று.

அந்த அம்மாள் நாற்காலியை விட்டு இறங்கி
தரையில் மண்டியிட்டு
என் குதிகாலைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.
கை சில்லென்றிருந்தது. மன்னிப்புக் கேட்டார்.
பழக்கடையில் பேரிக்காய் பொறுக்குவதுபோல
ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டே வந்தார்.
"நல்ல தோல்" என்றார்.
எனக்கு அழுகை வந்துவிட்டது,
தோலுக்குப் போய்.

"குளிர்காலத்தில் எங்கே ஓடினீர்கள்?"
ஓடவில்லை. டிசம்பரிலிருந்து தடம் உறைந்து கிடந்தது.
"பிறகு?"
பிப்ரவரியில் ஒரு நாள் வெயில் அடித்தது.
"எத்தனை கிலோமீட்டர்?"
பதினாலு.
"முதல் நாளேவா?"
தண்டவாளத்தில் புறா நின்றாலும் மணியடிக்கிறவள்
வாயைத் திறக்கவில்லை.

"ஒருகால் விரிசலாக இருக்கலாம்" என்றார்.
படத்தில், மெலிந்த எலும்பைச் சுற்றி
பஞ்சு ஒட்டியதுபோல வெண்மை.
நான் வாசல் வாசலாக ஏறி இறங்கிய நாட்களில்
அது தன்னைத் தானே
கட்டத் தொடங்கியிருந்தது.

"எட்டு வாரம் ஓடக் கூடாது.
ஆறு வாரம் கெட்டி அடி வைத்த ஷூ.
வீட்டுக்குள்ளும்."
முதல் ஆள் சொன்ன அதே ஷூ.
படியில் அடுக்கி வைத்த வாக்கியங்களில்
ஒன்றுகூட எழுந்து வரவில்லை.
"பிறகு புல்லில் ஐந்து நிமிடம்.
எப்படி இருந்தது என்று வந்து சொல்லுங்கள்."

அந்தப் 'பிறகு'க்காகத்தான்
நாலு அறை ஏறியிருக்கிறேன் போல.

இன்று பதினெட்டாம் நாள்.
டிராமைக் கையால் ஓட்டுவதால் வேலைக்குத் தடையில்லை.
காட்டோர நிறுத்தத்தில் கதவு திறக்கிறது.
ஏப்ரல், காட்டுப்பூண்டு வாசனை
டிக்கெட் இல்லாமல் ஏறி என் முழங்காலருகே நிற்கிறது.
ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை.
கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
இன்னும் நான்கு நொடி
கதவை மூடாமல் வைத்திருக்கிறேன்.